லெகோலேண்டுக்குப் போக எத்தனை வயது?

மே மாத விடுமுறைக்குச் சிங்கப்பூர் டிக்கெட் போட்ட வீடுகளில் கிளம்பும் முதல் வாக்குவாதம் பெரும்பாலும் இதுதான்: செந்தோசா தீவில் இருக்கும் யுனிவர்சல் ஸ்டூடியோஸா, பாலம் தாண்டி மலேசியாவின் ஜோகூரில் இருக்கும் லெகோலேண்டா? டிக்கெட் விலையை ஒப்பிடுவார்கள், எதில் ரைடு அதிகம் என்று எண்ணுவார்கள், யூடியூபில் நாலு வீடியோ பார்ப்பார்கள். பிள்ளைக்கு எத்தனை வயது, எவ்வளவு உயரம் என்ற கேள்வி கடைசியில்தான் வரும். சில குடும்பங்களுக்கு அது ரைடு வாசலில் அளவுகோலுக்கு முன்னால் நிற்கும்போதுதான் வரும்.

கார்ட்டூன் பாத்திரங்களையும் பொம்மைகளையும் நம்பிக் கட்டிய பூங்காக்களுக்கு அந்தக் கேள்விதான் அடித்தளம். அங்கே வரிசை எப்படி வளைகிறது, கடை எங்கே இருக்கிறது, பக்கத்தில் என்ன பூங்கா வருகிறது, யார் யாருக்குப் பணம் கட்டுகிறார்கள் என்பதெல்லாம் ஒரு குறிப்பிட்ட வயதுக் கணக்கிலிருந்து கிளம்புகிறது.

நமக்குப் பழக்கமான பூங்கா வேறு ரகம். கொச்சியில் 2000-ல் வீகாலேண்ட் என்ற பெயரில் தொடங்கிய வொண்டர்லாவும், 2025 டிசம்பரில் திருப்போரூர் பக்கம் திறந்த சென்னை வொண்டர்லாவும் ரைடை நம்பி நடப்பவை. அங்கே போகிறவர்களுக்கு வேண்டியது வயிற்றைப் புரட்டும் வேகமும் குளிக்கத் தண்ணீரும்தான். ரோலர் கோஸ்டருக்குக் கதை தேவையில்லை. பாத்திரப் பூங்காவுக்கு வரும் குழந்தையோ ஏற்கெனவே பழகிய ஒன்றை நேரில் பார்க்க வருகிறது. டிவியும், வீட்டுத் தரையில் சிதறிக் கிடக்கும் பொம்மைகளும் பல மாதங்களாக அதைத் தயார் செய்துவைத்திருக்கின்றன. அந்தப் பழக்கம் இல்லாத குழந்தைக்கு அங்கே தெரிவது வண்ணம் அடித்த சுவர்களும் நீண்ட வரிசையும் மட்டுமே. அதே குழந்தை அந்த வயதைத் தாண்டி வந்தாலும் கதை அதுதான்.

தொழிற்சாலை வாசலில் கூடிய கூட்டம்

டென்மார்க்கில் பில்லுண்ட் என்று ஒரு சின்ன ஊர். 1932-ல் ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன் என்ற தச்சர் அங்கே மரப் பொம்மைகள் செய்ய ஆரம்பித்தார். அதுதான் பின்னாளில் லெகோ கம்பெனி. இன்று நாம் பார்க்கும், ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும் பிளாஸ்டிக் கட்டைக்கு அவர் மகன் கோட்ஃப்ரெட் 1958 ஜனவரியில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1960-ல் மரப் பொம்மைப் பிரிவு தீயில் எரிந்துபோக, மரத்தை அடியோடு விட்டுவிட்டுக் கட்டைகளிலேயே இறங்கிவிட்டார்கள். கண்காட்சிகளுக்காகக் கட்டிய பெரிய மாதிரிகளைப் பார்க்கத் தொழிற்சாலைக்கே ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஆண்டுக்கு 20,000 பேர் வரை வந்தார்கள் என்கிறது கம்பெனி வரலாறு. வேலை நடக்கிற இடத்தில் இத்தனை பேர் நடமாடினால் வேலை எப்படி ஓடும்? சரி, எல்லாவற்றையும் வெளியே ஒரு தோட்டத்தில் வைத்துவிடலாம் என்று கோட்ஃப்ரெட் முடிவு செய்தார்.

அதற்கு அவர் பிடித்த ஆள் ஆர்னல்ட் பூட்ரப், கடைகளின் கண்ணாடி ஜன்னல்களை அலங்கரிக்கும் தொழிலில் இருந்தவர். தேர்வு சரியானது. ஒரு ஜன்னல் அலங்காரக்காரருக்குத் தெருவில் போகிறவரை நிற்கவைக்கத் தெரியும். மாதிரிகளைக் கட்டும் வேலையை டாக்னி ஹோல்ம் என்ற பெண் சிற்பி கவனித்துக்கொண்டார். 1968 ஜூன் 7 அன்று பூங்கா திறந்தது. முதல் பருவத்திலேயே 6,25,000 பேர் வந்தார்கள். லெகோ தன் தேவைக்கு ஓர் ஓடுதளம் போட்டு, அது 1964-லேயே பொது விமான நிலையமாக மாறியிருந்ததும் கைகொடுத்தது.

இங்கே கவனிக்க வேண்டியது, முதலில் வந்தது ரைடு இல்லை என்பது. மினிலேண்ட் என்ற குட்டி ஊர்தான் மையம். கூடவே ஒரு சின்ன ரயில், குழந்தைகள் கார் ஓட்டக் கற்கும் ஒரு பள்ளி. பெரிய ரோலர் கோஸ்டரெல்லாம் ரொம்பப் பின்னால் வந்த சமாச்சாரம். இதையே நகல் எடுத்து ஜெர்மனியின் சீர்க்ஸ்டார்ஃபில் 1973-ல் இன்னொரு லெகோலேண்ட் திறந்தார்கள். மூன்றே ஆண்டில் மூடிவிட்டார்கள். அதன் பிறகு இங்கிலாந்தின் விண்ட்சரில் அடுத்த கிளை முளைக்க 1996 வரை ஆனது.

உள்ளே போனால்

லெகோலேண்டின் குறி 2 முதல் 12 வயது. இதை அவர்களே சொல்லித்தான் விற்கிறார்கள். குறி அதுவானால் சில வேலைகளை வேறு மாதிரி செய்ய வேண்டியிருக்கும்.

வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரம் வெயிலில் நிற்பது நமக்கே கஷ்டம். நாலு வயதுக்கு அது நடக்காத காரியம். அதனால் பல ரைடுகளில் வரிசை ஒரு விளையாட்டு இடத்தைச் சுற்றி வளைந்து போகும். நடுவில் கட்டைகள் குவித்துவைத்த மேஜையோ தொட்டியோ இருக்கும். அப்பா, அம்மா வரிசையில் நகர்ந்துகொண்டே இருப்பார்கள், பிள்ளை நடுவில் உட்கார்ந்து எதையாவது கட்டிக்கொண்டிருக்கும், முறை வந்ததும் தூக்கிக்கொண்டு போகலாம். பூங்கா வடிவமைப்பில் எனக்கு மிகப் பிடித்த யோசனை இது. வீட்டிலேயே அந்தக் கட்டை இருக்கும்போது இதற்கு இவ்வளவு செலவா என்று கேட்கலாம். ஆனால் அந்த நாலு வயதுக்கு ஊரிலேயே நல்ல ரைடு அந்தத் தொட்டிதான். ஏறப் போகும்போது அழுவது தொட்டியை விட்டுப் பிரிவதற்காகத்தான்.

அப்புறம் மினிலேண்ட். எல்லாம் 1:20 அளவில் கட்டியது. ஜோகூரில் பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரம், சிங்கப்பூரின் மெர்லயன் சிலை, நம் தாஜ்மகால் எல்லாம் உண்டு. பெரியவர்கள் குனிந்து பார்த்து, படம் எடுத்து, பத்து நிமிடத்தில் நகர்ந்துவிடுவார்கள். குழந்தையின் கண்மட்டத்தில் அது வேறு ஊர். பொத்தானை அழுத்தினால் வண்டி ஓடும், படகு நகரும். குட்டி மனிதர்களின் கூட்டத்துக்குள் சேட்டைக் காட்சிகளை ஒளித்துவைத்திருப்பார்கள். அதைக் கண்டுபிடிக்க உட்கார வேண்டும், உட்காரப் பெரியவர்களுக்குப் பொறுமை இருக்காது.

ஓட்டுநர் பள்ளி பில்லுண்டின் முதல் ஆண்டிலிருந்தே தொடரும் பழைய சரக்கு. தண்டவாளத்தில் ஓடும் கார் கிடையாது. குழந்தை நிஜமாகவே ஸ்டியரிங் பிடிக்க வேண்டும், சிக்னலில் நிற்க வேண்டும், எதிரே இன்னொரு ஏழு வயதுக்காரர் தாறுமாறாக வந்தால் ஒதுங்க வேண்டும். சின்னவர்களுக்கு 3 முதல் 5 வயது வரை தனித் தடம், பெரியவர்களுக்கு 6 முதல் 13 வரை. முடித்ததும் லைசென்ஸ் உண்டு. படம் ஒட்டிய அட்டை வேண்டுமென்றால் காசு. வெளியே வரும் வழியில்தான் அந்தக் கவுண்டர் இருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று, பலருக்குத் தெரியாமலே போவது. ஊழியர்கள் தங்கள் பேட்ஜில் ஒரு லெகோ குட்டி மனிதனைக் குத்தியிருப்பார்கள். குழந்தை தன்னிடம் இருக்கும் ஒரு குட்டி மனிதனை நீட்டி, “மாத்திக்கலாமா?” என்று கேட்டால் மாற்றிக் கொடுப்பார்கள். உள்ளே கடையில் வாங்கினால் விலை கண்ணைக் கட்டும். வீட்டில் பெட்டிக்கடியில் கை ஒடிந்து, தொப்பி தொலைந்து கிடப்பதில் உருப்படியான நாலைந்தைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு போனால் நாள் முழுக்க ஓடும். பழகாத ஊரில், தெரியாத பாஷையில், எட்டு வயதுப் பிள்ளை ஒரு பெரிய மனிதரிடம் போய்ப் பேரம் பேசுவதைப் பார்ப்பதற்கே டிக்கெட் காசு சரியாகிவிடும்.

லெகோலேண்ட் ஹோட்டலிலும் இதே கணக்குதான். குழந்தைக்குத் தனிப் படுக்கை மூலை. அறைக்குள் பூட்டிய ஒரு பெட்டி. அறையில் அங்கங்கே இருக்கும் குறிப்புகளை எண்ணிக் கண்டுபிடிக்கும் எண்ணைப் போட்டால் திறக்கும், உள்ளே பரிசு இருக்கும். லிஃப்டில் கதவு மூடியதும் டிஸ்கோ விளக்கும் பாட்டும். பெரியவர்களுக்கு இரண்டாம் நாள் காலையில் அந்த லிஃப்ட் எரிச்சலைத் தரும். அவர்களுக்காகக் கட்டியதில்லையே! இதே வகையறாவில் மால்களுக்குள் நடக்கும் லெகோலேண்ட் டிஸ்கவரி சென்டர்களில், சில சிறப்பு மாலைகள் தவிர, குழந்தை இல்லாமல் வரும் பெரியவர்களை உள்ளேயே விடுவதில்லை.

வயதுக்கு ஒரு பூங்கா

இந்த வயதுக் கணக்கைப் பூங்கா நடத்துகிறவர்கள் எவ்வளவு கறாராகப் போடுகிறார்கள் என்பதற்குப் பெப்பா பிக் நல்ல சாட்சி. 2004-ல் தொடங்கிய அந்த பிரிட்டிஷ் கார்ட்டூனை மழலைப் பள்ளி வயதைத் தாண்டிய பிள்ளைகள் திரும்பிப் பார்ப்பதில்லை, பார்த்தாலும் ஒப்புக்கொள்வதில்லை. இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் ஒரு குடும்பம் நடத்திவந்த பால்டன்ஸ் பார்க், 2011-ல் பெப்பாவுக்கென்று ஒரு தனிப் பகுதியைக் கட்டியது. அதுவரை அக்கம்பக்கத்து ஆட்களுக்கு மட்டும் தெரிந்த பூங்கா, நாடு முழுக்கத் தெரிந்த பெயரானது. பிறகு லெகோலேண்டை நடத்தும் மெர்லின் நிறுவனம் பெப்பாவுக்கென்றே தனிப் பூங்காக்கள் கட்ட இறங்கியது. எங்கே என்று பாருங்கள்: 2022-ல் ஃபுளோரிடா லெகோலேண்டுக்குப் பக்கத்தில், 2024-ல் ஜெர்மனியின் கூன்ட்ஸ்பர்க்கில், அங்கேயும் லெகோலேண்டுக்குப் பக்கத்தில். மூன்று வயதுத் தங்கைக்கு ஒன்று, எட்டு வயது அண்ணனுக்கு ஒன்று. ஒரே ஹோட்டல், இரண்டு டிக்கெட். தங்கை வளர்ந்தால் அடுத்த வாசலுக்கு மாறிக்கொள்ளலாம்.

ரைடே இல்லாத பாத்திரப் பூங்காவும் இருக்கிறது. பின்லாந்தின் நான்தாலியில் ஒரு குட்டித் தீவில் 1993-ல் திறந்த மூமின் உலகம், எழுத்தாளர் தோவே யான்சன் வரைந்த, நீர்யானை மாதிரி இருக்கும் மூமின் குடும்பத்தின் வீடு. நீல நிறத்தில் ஐந்து மாடி உருளை வீடு, காட்டுப் பாதை, நாடகம், நடமாடும் மூமின்கள், அவ்வளவுதான். கோடையில் மட்டும் திறக்கும். ராட்டினம் தேடிப் போகிற ஆளுக்கு ஒரு மணி நேரத்தில் சலித்துவிடும். மூமின் கதை கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, அந்தச் சமையலறைக்குள் நுழைவதே போதுமானது.

இந்த விதிக்கு அடங்காத பெரிய புள்ளி டிஸ்னி. 1955 ஜூலை 17 அன்று கலிஃபோர்னியாவின் அனஹைமில் முதல் டிஸ்னிலேண்ட் திறந்தபோதே வால்ட் டிஸ்னியின் எண்ணம் தெளிவாக இருந்தது: பிள்ளைகள் ராட்டினம் சுற்ற, பெற்றோர் பெஞ்சில் உட்கார்ந்து கொட்டாவி விடும் இடமாக அது இருக்கக் கூடாது. தன் மகள்களைச் சனிக்கிழமைகளில் ராட்டினத்துக்குக் கூட்டிப்போய் அப்படி உட்கார்ந்த அனுபவத்தை அவரே சொல்லியிருக்கிறார். எழுபது ஆண்டுகளில் முதல் தலைமுறைக் குழந்தைகள் தாத்தா பாட்டி ஆகிவிட்டார்கள். அவர்களே பேரப்பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வருகிறார்கள். வயது என்ற தடையை இப்படிக் கடந்த பாத்திரங்கள் உலகத்தில் விரல்விட்டு எண்ணக்கூடியவை. மற்றவற்றுக்கெல்லாம் காலாவதி உண்டு. சிங்கப்பூர் யுனிவர்சலிலேயே பாருங்கள், மடகாஸ்கர் படத்தின் விலங்குகள் இருந்த பகுதியை 2022-ல் மூடிவிட்டு, 2025 பிப்ரவரியில் அந்த இடத்தில் மினியன் லேண்டைத் திறந்தார்கள். மடகாஸ்கர் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் கல்லூரிக்குப் போய்விட்டார்கள்.

பொம்மை ஒருவருடையது, பூங்கா இன்னொருவருடையது

பாத்திரத்துக்கு உரிமையாளர் ஒருவர், பூங்கா நடத்துகிறவர் வேறொருவர் என்பது இந்தத் தொழிலில் சகஜம். டோக்கியோ டிஸ்னிலேண்ட் 1983-ல் திறந்தது. அது டிஸ்னியின் சொத்தே இல்லை. ஓரியண்டல் லேண்ட் என்ற ஜப்பானிய நிறுவனத்துடையது, டிஸ்னிக்குப் போவது ராயல்டி. இதைவிட வேடிக்கை மார்வெல் விவகாரம். மார்வெல் நாயகர்களைப் பூங்காவில் பயன்படுத்தும் உரிமையை யுனிவர்சல் 1994-லேயே ஒப்பந்தம் போட்டு வாங்கிவிட்டது. 2009-ல் டிஸ்னி மார்வெலையே விலைக்கு வாங்கியது, ஆனால் பழைய ஒப்பந்தம் அப்படியே நிற்கிறது. ஹல்க் பெயரில் ரோலர் கோஸ்டர் வேண்டுமென்றால் ஃபுளோரிடாவில் டிஸ்னியின் போட்டியாளரிடம்தான் போக வேண்டும். ஹாங்காங் டிஸ்னிலேண்டிலோ 2017 முதல் அயர்ன்மேன் ரைடு ஓடுகிறது. டிஸ்னி என்று பெயர் இருந்தால் எல்லா ஊரிலும் எல்லாரும் இருப்பார்கள் என்று பிள்ளைக்கு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

லெகோவின் கதை இன்னும் நெருக்கடியானது. 2003, 2004-ல் கம்பெனி பெரும் நஷ்டத்தில் விழுந்தது. கட்டை விற்பதை விட்டுவிட்டு உடை, வீடியோ கேம், பூங்கா என்று கிளை பரப்பியது கையைக் கடித்தது. யோர்கன் விக் க்னுட்ஸ்டார்ப் தலைமைப் பொறுப்புக்கு வந்து, அடுத்த ஆண்டே நான்கு லெகோலேண்டுகளையும் பிளாக்ஸ்டோன் முதலீட்டு நிறுவனத்தின் கையில் இருந்த மெர்லினிடம் கொடுத்தார். விலை ஏறத்தாழ 37.5 கோடி யூரோ. நிறுவனர் குடும்பம் மெர்லினில் ஒரு பங்கை மட்டும் வைத்துக்கொண்டது. பொம்மைக் கம்பெனி பொம்மை செய்யட்டும், பூங்காவை அந்தத் தொழில் தெரிந்தவர் நடத்தட்டும் என்ற அந்த முடிவால்தான் லெகோலேண்ட் உலகம் சுற்ற ஆரம்பித்தது. 2012-ல் மலேசியா, 2016-ல் துபாய், 2017-ல் ஜப்பானின் நகோயா, 2025 ஜூலையில் ஷாங்காய். கட்டை வியாபாரம் மீண்டும் தழைத்ததும், 2019-ல் அதே குடும்பத்தின் முதலீட்டு நிறுவனமான கிர்க்பி, பிளாக்ஸ்டோனோடும் ஒரு கனடா ஓய்வூதிய நிதியோடும் சேர்ந்து மெர்லினை முழுசாக வாங்கிக்கொண்டது.

பல ஊர்களில் நிலம், சாலை, கடன் உத்தரவாதம் என்று அரசுத் தரப்பும் கை கொடுக்கிறது. அதில் என்ன ஆபத்து என்பதைத் தென்கொரியா காட்டியது. சுன்ச்சான் நகரில் ஆற்றுக்கு நடுவே உள்ள தீவில் லெகோலேண்ட் கட்டத் திட்டமிட்டார்கள். தோண்டியபோது வெண்கலக் காலக் குடியிருப்புகளும் கல்லறைகளும் கிடைத்ததில் வேலை ஆண்டுக்கணக்கில் இழுத்தது. ஒருவழியாக 2022 மே 5 அன்று, அந்நாட்டின் குழந்தைகள் தினத்தில், பூங்கா திறந்தது. நிலத்தை மேம்படுத்திய நிறுவனம் அதற்காக 20,500 கோடி வான் கடன் பத்திரங்களை வெளியிட்டிருந்தது; நம் கணக்கில் அன்றைக்கு ஏறக்குறைய 1,200 கோடி ரூபாய். அதற்கு உத்தரவாதம் கொடுத்தது அந்த ஊர் இருக்கும் கங்வான் மாகாணம். செப்டம்பர் கடைசியில் புதிதாக வந்த மாகாண ஆளுநர், அந்த நிறுவனத்தை நீதிமன்ற மறுசீரமைப்புக்கு அனுப்பப்போவதாக அறிவித்தார். சில நாளில் பத்திரம் திவாலானது.

தொகை ஒரு நாட்டை ஆட்டும் அளவு இல்லை. ஆனால் அரசு உத்தரவாதம் கொடுத்த பத்திரமே பணம் தரவில்லை என்றால் வேறு எதை நம்புவது என்று முதலீட்டாளர்கள் மிரண்டார்கள். குறுகிய காலக் கடன் சந்தை உறைந்துபோனது. சம்பந்தமே இல்லாத கம்பெனிகளுக்கும் கடன் கிடைக்கவில்லை. அக்டோபர் 23 அன்று மத்திய அரசு 50 லட்சம் கோடி வானுக்கும் அதிகமான ஆதரவுத் திட்டத்தை அறிவித்துத்தான் தீயை அணைக்க வேண்டியிருந்தது. பூங்கா மட்டும் அதுபாட்டுக்குத் திறந்தே இருந்தது. குழந்தைகள் கார் ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஜோகூருக்குப் போகிறவர்களுக்கு

ஆசியாவின் முதல் லெகோலேண்ட் 2012 செப்டம்பரில் ஜோகூரில் வந்ததும் தற்செயல் இல்லை. மலேசிய அரசின் முதலீட்டு நிறுவனமான கசானா, சிங்கப்பூரை ஒட்டி இஸ்கந்தர் பகுதியை வளர்க்கப் பணம் கொட்டிக்கொண்டிருந்தது. துவாஸ் பாலம் தாண்டினால் கொஞ்ச தூரம். சிங்கப்பூர் வெள்ளியில் சம்பளம் வாங்கும் குடும்பத்துக்கு ரிங்கிட்டில் செலவு. இதுதான் கணக்கு. இந்தியாவிலிருந்து போகிறவர்கள், சிங்கப்பூர் விசாவில் திரும்பவும் நுழைய அனுமதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எல்லை தாண்டுவது நல்லது. ஜோகூரில் வார விடுமுறை வெள்ளி, சனி என்று பழைய குறிப்புகளில் இருக்கும். 2025 ஜனவரி முதல் சனி, ஞாயிறுக்கு மாறிவிட்டது. கூட்டமில்லாத நாள் வேண்டுமென்றால் அதை வைத்துத் திட்டமிட வேண்டும், சிங்கப்பூர் பள்ளி விடுமுறையைத் தவிர்க்க வேண்டும்.

வெயிலைப் பற்றி விளம்பரப் படங்களில் ஒன்றும் இருக்காது. பில்லுண்டின் குளிர்ந்த கோடைக்கு யோசித்த திறந்தவெளிப் பூங்காவைப் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். காலையிலேயே மினிலேண்டையும் ஓட்டுநர் பள்ளியையும் முடித்துவிட்டு, உச்சி வெயிலில் தண்ணீர்ப் பூங்காவுக்கோ குளிரூட்டிய அரங்குக்கோ ஒதுங்குவதுதான் புத்திசாலித்தனம். பிற்பகலில் இடியோடு மழை வந்தால் வெளி ரைடுகளை நிறுத்திவிடுவார்கள்.

மற்றபடி, கிளம்பும் முன் வீட்டுச் சுவரில் சாய்த்துவைத்துப் பிள்ளையின் உயரத்தை அளந்து, பூங்காவின் தளத்தில் இருக்கும் பட்டியலோடு ஒப்பிட்டுவிடுங்கள். ஐந்து முதல் ஒன்பது வயதுக்குள் இருக்கிற, வீட்டில் கட்டை வைத்து விளையாடுகிற பிள்ளைக்கு ஜோகூர்தான் என்பது என் கட்சி. பன்னிரண்டைத் தொட்ட பிள்ளையைக் கூட்டிப்போனால் மதியத்துக்குள் முகம் தொங்கிவிடும், அவர்களுக்குச் செந்தோசா. இந்த இரண்டு வயதுப் பிரிவிலும் பிள்ளை இருக்கிற வீடு என்றால் யுனிவர்சலுக்கே போய், பெற்றோர் முறை மாற்றி ஏறும் வசதியைக் கேளுங்கள். டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ரைடுக்கு 102 செ.மீ. உயரம் வேண்டும், எட்டாத சின்னதோடு அம்மா வெளியே காத்திருக்க, அப்பாவும் பெரியவனும் போய்வரலாம், அவர்கள் வந்ததும் அம்மா மறுபடி வரிசையில் நிற்காமல் ஏறலாம். முதல் சுற்று யாருக்கு என்பதை மட்டும் வீட்டிலேயே பேசி முடித்துக்கொண்டு கிளம்புங்கள்.